கூண்டு திறந்த பிறகு

அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்



தமிழ் இலக்கியத்தில் உயிரிரக்கம் பற்றிப் பேச வேண்டும் என்று அறக்கட்டளைக் குழுவினர் கேட்டிருந்தார்கள். இலக்கியத்தைப் பேசத்தான் போகிறேன். ஆனால் சிங்கப்பூரின் இந்தச் சிராங்கூன் சாலையில் நின்றுகொண்டு, கண்ணெதிரே இருக்கும் விலங்குகளைப் பேசாமல் ஏட்டில் இருக்கும் விலங்குகளை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆகவே ஏட்டையும் ஊரையும் சேர்த்தே பேசுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு விலங்கைக் கூண்டில் பிறக்க வைத்தவருக்கும், கூண்டில் விற்றவருக்கும், கூண்டோடு வாங்கியவருக்கும் அதன் வாழ்நாள் முழுதும் கடமை உண்டு. கதவைத் திறந்துவிடுவதால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது. தோலுக்காக விலங்கை வளர்ப்பவரையும், புண்ணியத்துக்காக விலங்கை விடுவிப்பவரையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். முன்னவர் செய்வது கொடுமை. பின்னவரிடம் இருப்பது உண்மையான இரக்கம். ஆனாலும் இந்த உயிருக்கு என்ன வேண்டும், அது போய்ச் சேரும் இடத்துக்கு என்ன ஆகும் என்று இருவருமே பெரும்பாலும் கேட்பதில்லை. நான் பேச வந்தது அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

1. நாம் நிற்கும் மண்

லிட்டில் இந்தியாவின் வரலாறே கட்டி வைத்த விலங்குகளின் வரலாறு. தேக்காச் சந்தையை ஒட்டியுள்ள பஃபலோ ரோடு, அதற்குப் பக்கத்தில் கெர்பாவ் ரோடு, சற்றுத் தள்ளி லெம்பு ரோடு எல்லாமே மாட்டின் பெயரைத் தாங்கியவை. நாம் பேச்சுவழக்கில் 'கேகே' என்று சொல்லும் மருத்துவமனையின் பெயரிலும் எருமைத் தொழுவம்தான் இருக்கிறது. பெலிலியோஸ் ரோடு ஒரு மாட்டு வணிகரின் பெயர். டெஸ்கர் ரோடு ஓர் இறைச்சி வணிகரின் பெயர். ரொச்சோர் ஆற்றோரத்துத் தண்ணீரும் புல்லும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டு வணிகத்தை இங்கே இழுத்தன. மாட்டோடு பால்காரர்களும் வண்டிக்காரர்களும் தொழுவக்காரர்களுமாக நம் மக்களும் வந்து குடியேறினார்கள். இன்று பொங்கலுக்கு வேலிக்குள் நிற்கும் நாலைந்து மாடுகளைத் தொட்டுப் பார்க்கப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு காலத்தில் இந்த வட்டாரம் முழுதும் அவற்றின் மூச்சில்தான் இருந்தது.

சிராங்கூன் சாலையிலேயே வடக்கே போனால் அப்பர் சிராங்கூன் ரோடு. அங்கே பல பத்தாண்டுகள் ஒரு முதலைப் பண்ணை இருந்தது. சுற்றுலாப் பயணிகள் வந்து பார்த்தார்கள். பள்ளிப் பிள்ளைகளும் பார்த்தார்கள். உவர்நீர் முதலைகள் சிமெண்டுத் தொட்டிகளில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவற்றின் தோல் கைப்பையாகவும் இடுப்பு வாராகவும் மாறிப் பக்கத்துக் கடையிலேயே விற்பனைக்கு இருந்தது. இன்று அந்தப் பண்ணை இல்லை. தோல் வணிகம் மட்டும் போய்விடவில்லை. முதலைத் தோல் பதனிடுவதில் சிங்கப்பூர் உலகப் பெயர் பெற்றது. இங்குள்ள ஹெங் லாங் என்ற பதனிடும் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை 2011இல் பிரான்சின் எல்விஎம்எச் குழுமம் வாங்கியது. பாரிஸ் கடைச் சாளரத்தில் பளபளக்கும் பையின் ஒரு நுனி நம் ஊரில் இருக்கிறது.

ஆகையால் ஃபர் எனப்படும் மென்மயிர்த் தோலுக்கான பண்ணை என்று நான் பேசும்போது, குளிர்நாட்டுக்காரர்கள் செய்யும் பாவம், நமக்கென்ன என்று யாரும் ஒதுங்கிவிட வேண்டாம். டிசம்பர் விடுமுறையில் குளிர்நாட்டுக்குக் கிளம்பும் நம் குடும்பங்கள் வாங்கும் மேலங்கிகளின் தலைமூடி விளிம்பில் மயிர்க்கரை வைத்துத் தைத்திருப்பார்கள். அது செயற்கையா, ஒரு நரியுடையதா, ரக்கூன் நாயினுடையதா என்று கடையில் கேட்டுப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

2. தோலுக்காக ஓர் உயிர்

மென்மயிர்த் தோலுக்காக அதிகம் வளர்க்கப்படும் விலங்கு மிங்க். அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. நம் நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்தது, உடல் சிறியது, நீரும் கரையும் சேர்ந்த இடத்தில் தனியாக அலைந்து வேட்டையாடும் பிராணி. பண்ணையில் அதற்குக் கிடைப்பது கம்பி வலைத் தரையுள்ள ஒரு சிறு கூண்டும் தூங்க ஒரு பெட்டியும். வசந்தத்தில் பிறக்கும் குட்டிக்குக் குளிர்காலத்து மயிர் முழுதாக வளர்ந்ததும், நவம்பர் வாக்கில், நச்சுவாயுப் பெட்டிக்குள் போட்டுக் கொல்கிறார்கள். தோலில் கீறல் விழக்கூடாது என்பதே கொல்லும் முறையைத் தீர்மானிக்கிறது. பண்ணை நரிகளை மின்சாரம் பாய்ச்சிக் கொல்வதற்கும் காரணம் அதுதான்.

பண்ணைக்காரர்கள் நெடுங்காலம் ஒரு வாதத்தைச் சொல்லிவந்தார்கள். இவை தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்தவை, ஆற்றைப் பார்த்ததே இல்லை, பார்க்காத ஒன்றுக்கு எப்படி ஏங்கும் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டில் ஜார்ஜியா மேசனும் அவருடன் பணியாற்றியவர்களும் இதைச் சோதித்து 2001இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். அந்தச் சோதனையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

பண்ணை மிங்குகளின் கூண்டோடு சில அறைகளை இணைத்தார்கள். ஒன்றில் நீந்துவதற்கான தண்ணீர்த் தொட்டி. மற்றவற்றில் உயரமான மேடை, விளையாட்டுப் பொருள், இன்னொரு கூடு என்று வேறு வேறு வசதிகள். ஒவ்வோர் அறைக்கும் தள்ளித் திறக்கும் கதவு. கதவுகளின் எடையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். எடை ஏற ஏற எந்த அறைக்காக அந்தப் பிராணி கடைசிவரை முட்டித் தள்ளுகிறது என்று பார்த்தார்கள். அது தண்ணீர் அறை. பிறகு ஒவ்வொன்றாகப் பூட்டினார்கள். தண்ணீர்த் தொட்டியைப் பூட்டியபோது மிங்கின் உடலில் ஏறிய கார்ட்டிசோல் என்ற அழுத்தச் சுரப்பு, உணவைப் பூட்டியபோது ஏறியதற்கு ஒப்பாக இருந்தது. ஆற்றை ஒருபோதும் காணாத உடம்புக்கும் ஆறு வேண்டியிருந்தது. இந்த ஒரு சோதனைக்குப் பிறகு 'பழகிவிட்டது' என்ற சொல்லை எந்தப் பண்ணைக்காரரும் சொல்லக் கூசியிருக்க வேண்டும்.

இங்கிலாந்தும் வேல்ஸும் மென்மயிர்ப் பண்ணையைத் தடைசெய்ய 2000இல் சட்டம் இயற்றி, 2003 முதல் நடைமுறைப்படுத்தின. இந்தியா 2017இல் மிங்க், நரி, சின்சில்லா மென்மயிர்த் தோல்களின் இறக்குமதியைத் தடைசெய்தது. இஸ்ரேல் 2021இல் ஃபேஷனுக்கான மென்மயிர் விற்பனையையே நிறுத்தியது. 2020 நவம்பரில் டென்மார்க்கில் நடந்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பண்ணை மிங்குகளில் கொரோனா வைரஸ் உருமாறிப் பரவியதால் நாட்டிலுள்ள எல்லா மிங்குகளையும் கொல்ல அரசு ஆணையிட்டது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட உயிர்கள். அந்த ஆணைக்குச் சட்ட அடிப்படையே இல்லை என்று பின்னால் தெரியவந்து வேளாண்மை அமைச்சர் பதவி விலகினார். அவசரமாகப் புதைத்த உடல்கள் வாயுவால் உப்பி மண்ணுக்கு மேலே வந்தன. ஓர் ஆடம்பரப் பொருளுக்காக ஒரு நாடு இத்தனை உயிர்களை அடைத்து வைத்திருந்தது என்பதை உலகம் உணர்ந்த நாள் அது.

உணவுக்கான வளர்ப்பைப் பற்றி இந்த அவையில் கருத்து வேறுபாடு இருக்கும். அதில் இன்று நுழையவில்லை. தோலணிக்காக வளர்ப்பதில் எனக்கு ஐயமே இல்லை. அது தவறு. தடைசெய்யப்பட வேண்டும். வள்ளலாரின் ஜீவகாருண்யத்தை ஏற்றவர் மட்டுமல்ல, இறைச்சி உண்பவரும் இதை ஏற்கலாம்.

3. வேலியை வெட்டியவர்கள்

தவறு என்று தெரிந்தபின் என்ன செய்வது? சிலர் இரவோடு இரவாகப் பண்ணை வேலியை வெட்டிக் கூண்டுகளைத் திறந்தார்கள். 1998 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில், ரிங்வுட் ஊருக்கு அருகிலுள்ள பண்ணையிலிருந்து சுமார் 6,000 மிங்குகள் திறந்துவிடப்பட்டன. அதைச் செய்தவர்களின் நெஞ்சைப் பழிக்க எனக்கு வாய் வரவில்லை. சட்டம் மெத்தனமாக இருந்த காலத்தில் தங்கள் சுதந்திரத்தையே பணயம் வைத்தவர்கள் அவர்கள்.

ஆனால் நடந்ததைப் பார்க்க வேண்டும். வேட்டையாடிப் பழகாத பல மிங்குகள் சாலையில் அடிபட்டன, பல சுட்டுக்கொல்லப்பட்டன, பல திரும்பப் பிடிக்கப்பட்டு அதே கூண்டுக்கே போயின. பிழைத்தவை பிழைப்பதற்காகக் கொன்றன. பிரிட்டனின் ஓடைக்கரைகளில் நீரெலி என்று ஒரு சாதுவான பிராணி உண்டு. ஆபத்து வந்தால் வளைக்குள் ஓடித் தப்பிக்கும். பெண் மிங்கின் உடல் அந்த வளைக்குள் நுழையும் அளவுக்கு மெலிந்தது. நீரெலி ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கற்ற தற்காப்பு இந்த அயலாரிடம் பலிக்கவில்லை. வாழிட அழிவோடு மிங்கும் சேர்ந்துகொள்ள, நாட்டின் பெரும்பகுதியிலிருந்து நீரெலி மறைந்தது.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். மிங்க் பிரிட்டனின் ஆறுகளுக்கு வந்தது 1998இல் அல்ல. பண்ணையிலிருந்து தப்பியவை டெவன் வட்டாரத்தில் இனப்பெருக்கம் செய்வதை 1950களிலேயே கண்டார்கள். முதல் குற்றம் வேலி வெட்டியவருடையது அல்ல, வேலி போட்டவருடையது. எனினும் நீரெலிக்கு இந்த வேறுபாடு தெரியாது.

4. விசாகத்தில் விடுபடும் உயிர்கள்

இனி நம் ஊர். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஆயிரம் விளக்குக் கோயில் என்று நாம் அழைக்கும் சாக்கிய முனி புத்த கயா ஆலயம் இருக்கிறது. 1927இல் ஒரு தாய்லாந்துத் துறவி தொடங்கியது. பௌத்தர்களின் விசாக நாளில் அங்கே திரளும் பக்தர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பௌத்த மரபில், சிறப்பாகச் சீன பௌத்தத்தில், பிடிபட்ட உயிரை விலைக்கு வாங்கி விடுவிப்பது பழைய அறச்செயல். வெட்டுக்கத்திக்கு முன்னால் நிற்கும் ஓர் உயிரைக் காசு கொடுத்து மீட்பதில் குறை காண யாரால் முடியும்? தொடக்கத்தில் அது அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

காலப்போக்கில் சந்தை இந்த இரக்கத்தை மோப்பம் பிடித்துவிட்டது. விடுவிப்பதற்கு வாங்குவோர் இருக்கிறார்கள் என்றால் விடுவிக்கப்படுவதற்காகவே பிடிப்போரும் இருப்பார்கள். ஆசியாவின் பல நகரங்களில் சின்னஞ்சிறு தினைக்குருவிகள் வயலில் வலைவீசிப் பிடிக்கப்பட்டு, நெருக்கிய கூண்டுகளில் கோயில் வாசலுக்கு வருகின்றன. வழியில் செத்தவை கணக்கில் இல்லை. பறக்கவிட்ட பறவை களைத்து விழுந்தால் மீண்டும் பிடித்து மீண்டும் விற்பதும் உண்டு. வாங்குபவர் ஒரு பறவையை விடுவித்ததாக நினைக்கிறார். அவர் கொடுத்த காசு அடுத்த வலைக்குப் போகிறது.

சிங்கப்பூரில் அதிகம் அல்லல்படுவது ஆமை. காதோரம் செங்கோடு உள்ள அந்தச் சிறு ஆமையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். விற்பனைக்கு வரும்போது உள்ளங்கையில் வைத்தால் உள்ளங்கை பெரிதாகத் தெரியும். பச்சை ஓட்டில் மஞ்சள் வரிகள் வரைந்ததுபோல் இருக்கும். பிளாஸ்டிக் தொட்டி, அதில் ஒரு பிளாஸ்டிக் தென்னைமரம், ஒரு டப்பா உணவு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டின் சமையலறை மேடையில் இடம் போதும். பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசு. சில ஆண்டுகளில் அது சாப்பாட்டுத் தட்டு அளவு வளரும். தொட்டி நாறும். நல்ல கவனிப்பு இருந்தால் முப்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். பிள்ளை தேசிய சேவைக்குப் போய்விடுவான், ஆமை தொட்டியிலேயே இருக்கும். அப்போதுதான் யாரோ ஒருவர் விசாகத்தை நினைவூட்டுவார். ஆமையைக் குளத்தில் விட்டால் அதற்கும் விடுதலை, நமக்கும் புண்ணியம் என்று தோன்றும்.

இந்த ஆமை மிஸிஸிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தது. அதன் ஓட்டிலிருந்து சால்மொனெல்லா கிருமி குழந்தைகளுக்குத் தொற்றியதால் அமெரிக்காவே 1975இல் பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் இறக்குமதியை நிறுத்தியது. உலகின் மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதுவும் இருக்கிறது. சிங்கப்பூரில் செல்லப்பிராணியாக விற்க அனுமதிக்கப்பட்ட ஊர்வன இரண்டே. அவற்றில் ஒன்று இது. நம் பூங்காக் குளங்களில் கல்லின்மேல் வரிசையாக வெயில் காயும் ஆமைகளைக் கவனியுங்கள். பெரும்பாலும் இவைதான். இந்த மண்ணுக்குரிய ஆமைகளோடு உணவுக்கும் இடத்துக்கும் போட்டியிடுகின்றன. இடம் மாறிக் கடலில் விடப்பட்டவையோ உப்புநீரில் மாண்டுபோகின்றன. நிலத்து ஆமையை நீர் ஆமை என்று நினைத்துக் குளத்தில் போட்டு மூழ்கடித்தவர்களும் உண்டு.

ஈரச்சந்தையில் இறைச்சிக்காக வைத்திருக்கும் அமெரிக்கக் காளைத்தவளையைக் கத்தியிலிருந்து காப்பாற்றி ஓடையில் விடுவோரும் உண்டு. உள்ளூர்த் தவளைகளை அது விழுங்கும். தவளை இனங்களை உலகெங்கும் அழித்துவரும் ஒருவகைப் பூஞ்சைநோயை, தான் சாகாமலே சுமந்து பரப்பவும் கூடியது. ஓர் உயிரைக் காத்த கை அந்த ஓடையில் எத்தனை உயிர்களை எடுத்தது என்று பார்க்க மறுநாள் யாரும் போவதில்லை.

அரசு தூங்கிக்கொண்டிருக்கவில்லை. தேசியப் பூங்காக் கழகம் ஆண்டுதோறும் விசாகத்தையொட்டித் தொண்டூழியர்களோடு காட்டோரங்களிலும் நீர்த்தேக்கக் கரைகளிலும் நின்று விலங்குகளை விட வருவோரிடம் பேசுகிறது. ஏக்கர்ஸ் போன்ற விலங்கு நல அமைப்புகள் துணை நிற்கின்றன. பௌத்தச் சங்கங்களும் துறவிகளும் இந்த வழக்கம் வேண்டாம் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். 2020இல் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டத்தின்படி அனுமதியின்றி வனவிலங்கை விடுவிப்பவருக்கு முதல் முறை 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. செல்லப்பிராணியைக் கைவிடுவது தனிக் குற்றம். அதற்குச் சிறையும் உண்டு.

சட்டம் சரியே. ஆனால் அது பிடிப்பது கடைசி ஆளை. கரையோரத்தில் வாளியோடு நிற்கும் ஒரு முதிய மாதைத்தான் அது சந்திக்கிறது. அந்த ஆமையை இறக்குமதி செய்தவர், பிளாஸ்டிக் தென்னைமரத்தோடு சேர்த்து விற்றவர், எத்தனை காலம் வாழும் என்று சொல்லாதவர் யாரும் அங்கே இல்லை.

கூண்டு வணிகம் ஒரே பறவையை இரண்டு இடத்திலும் எப்படிக் கெடுக்கிறது என்பதற்கு ஜாவா மைனாவைச் சொல்வேன். கூண்டுப் பறவையாக வந்து தப்பியவற்றிலிருந்து, ஏறத்தாழ நூறாண்டுக்குள் இது சிங்கப்பூரின் மிகச் சாதாரணப் பறவையாகிவிட்டது. மாலையில் சாலையோர மரங்களில் அது போடும் கூச்சலைப் பற்றிப் புகார் வராத நகர்மன்றம் இல்லை. அதன் சொந்த மண்ணான ஜாவாவிலோ கூண்டுக்காகப் பிடித்துப் பிடித்தே அது அருகிவிட்டது. இதற்கு நேர்மாறான கதை வைக்கோல் நிறத் தலைகொண்ட கொண்டைக்குருவியுடையது. அதன் குரலுக்காகத் தென்கிழக்காசியக் காடுகளைச் சலித்தெடுத்துவிட்டார்கள். இன்று அது அழிவின் விளிம்பில் இருக்கிறது. மிஞ்சியவற்றில் கணிசமானவை நம் உபின் தீவில்தான் பாடுகின்றன. 2022இல்தான் அதன் உலக வணிகத்துக்கு முழுத் தடை வந்தது.

5. ஆபுத்திரனும் ஜலவாகனனும்

இப்படியெல்லாம் சொன்னால், இரக்கத்துக்கே இடமில்லையா, எல்லாவற்றையும் உயிரியல் அறிஞரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டுமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நம் மரபிலேயே விடை இருக்கிறது.

தமிழின் பௌத்தக் காப்பியம் மணிமேகலை. அதில் ஆபுத்திரன் கதை வருகிறது. தாயால் கைவிடப்பட்ட பச்சிளங் குழந்தை. ஏழு நாள் ஒரு பசு பால் கொடுத்துக் காத்தது. வளர்ந்த பிள்ளை ஒரு வேள்விச் சாலையில் பசு ஒன்றைக் காண்கிறான். கொம்பில் மாலை சுற்றி, கொலைக்குக் காத்து, அஞ்சி நடுங்கி நிற்கிறது. இரவில் அதை மீட்கிறான். இங்கே காப்பியத்தைப் பாடிய சாத்தனாரின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கயிற்றை அறுத்துவிட்டு ஆபுத்திரன் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடவில்லை. இருட்டில் கரடுமுரடான வழியில் பசுவோடு கூடவே நடக்கிறான். பிடிபடுகிறான், அடிபடுகிறான். வளர்த்த வீட்டையும் ஊரையும் இழக்கிறான். கடைசியில் அந்தப் பசு ஓடிச் சேரும் காடு அதற்கு அயல்நிலம் அல்ல. வேலியை வெட்டுவோர்க்கும் வாளியோடு கரைக்குப் போவோர்க்கும் நான் இந்தக் காதையைத்தான் காட்டுவேன். விடுவித்தவன் கூடவே நடக்க வேண்டும். அதன் செலவைத் தானே ஏற்க வேண்டும்.

இரண்டாவது கதை, மகாயான பௌத்தர் போற்றும் சுவர்ணப்பிரபாச சூத்திரத்தில் வருவது. உயிர்விடுதலைச் சடங்குக்கு ஆதாரமாக இதையும் காட்டுவார்கள். வணிகர் குடியில் பிறந்த ஜலவாகனன் வற்றிக்கொண்டிருக்கும் ஒரு குளத்தைக் காண்கிறான். உள்ளே பத்தாயிரம் மீன்கள். முதலில் கிளைகளை ஒடித்துப் போட்டு நிழல் செய்கிறான். பிறகு நீர் ஏன் வற்றியது என்று தேடிப் போகிறான். மேலே, மீன்களைக் கொல்வதற்காக ஆற்றையே யாரோ வேறு பக்கம் திருப்பியிருக்கிறார்கள். அவன் அரசனிடம் போய் இருபது யானைகளைக் கேட்டு வாங்கி, தோற்பைகளில் நீர் சுமந்து வந்து குளத்தை நிரப்புகிறான். பிறகு உணவும் இடுகிறான். மீன்களை அவன் எங்கும் கொண்டுபோய் விடவில்லை. அவற்றின் இடத்துக்கு நீரைக் கொண்டுவந்தான். சடங்கு மீனைப் பிடித்துக்கொண்டது, நீரை விட்டுவிட்டது.

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும் பாராட்டித்தான் வளர்ந்தோம். அவன் ஈரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் மயிலுக்குப் போர்வை வேண்டியிருக்கவில்லை. அதைக் கொடைமடம் என்று பெயரிட்டு, போற்றிக்கொண்டே அதிலுள்ள அறியாமையையும் சுட்டத் தெரிந்திருந்தது பழந்தமிழர்க்கு. பேகனின் போர்வையால் மயிலுக்குத் தீங்கில்லை. நம் கொடைமடத்தால் குளம் சாகிறது.

ஜலவாகனன் செய்ததை இந்த ஊரே ஒருமுறை செய்து காட்டியிருக்கிறது. 1977 முதல் பத்தாண்டுகள் சிங்கப்பூர் ஆற்றையும் கல்லாங் வடிநிலத்தையும் தூய்மை செய்தார்கள். அதற்கு முன் அந்த நீரின் நாற்றத்தை அறிந்த மூத்தவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். 1990களின் இறுதியில் சுங்கை புலோவில் நீர்நாய்கள் திரும்ப வந்து குடியேறின. பிறகு நகருக்குள்ளும் வந்தன. இன்று கல்லாங் நீரில் குடும்பம் குடும்பமாக நீந்துகின்றன. யாரும் வாங்கி விடவில்லை. நீர் சரியானது, தாமாக வந்தன. உபினில் இருவாச்சிப் பறவைக்கும் அப்படித்தான்: தானாகத் திரும்பி வந்ததற்குக் கூடமைக்கப் பெரிய மரப்பொந்துகள் போதவில்லை என்று கண்டு செயற்கைக் கூடுகள் வைத்தார்கள், பெருகியது. நீர்நாய் வந்ததில் தொல்லையும் உண்டு. பங்களாக் குளங்களில் வளர்த்த விலையுயர்ந்த மீன்களைத் தின்றுவிட்டது என்று முறையிடுகிறார்கள். உயிரோடு வாழ்வதன் செலவு அது, கொடுக்கத்தான் வேண்டும். மிங்கின் உறவினமான இந்தப் பிராணி நம் ஆற்றில் நீந்துவதைப் பார்க்கும்போதெல்லாம், எடை ஏற்றிய கதவை முட்டித் தள்ளிய அந்தப் பண்ணை மிங்கின் நினைவு எனக்கு வருகிறது.

6. கிளிக்கூண்டும் ஆமைத்தொட்டியும்

கடைசியாக, நம்மவர் சார்ந்த ஒன்று. சிராங்கூன் சாலையின் கிளி ஜோசியம் உலகப் புகழ் பெற்றது. 2010 உலகக் கிண்ணக் கால்பந்தில் காலிறுதி முடிவுகளைச் சரியாக எடுத்துக்கொடுத்த மணி என்ற கிளியைப் படமெடுக்க உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் வந்தன. தமிழ்நாட்டில் இதே இனக் கிளியை வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2024 தேர்தல் காலத்தில் கடலூர்ப் பக்கம் ஒரு வேட்பாளருக்கு வெற்றி என்று ஒரு கிளி சீட்டு எடுத்ததும், அந்தச் செய்தி பரவி, வனத்துறை வந்து கிளிகளைக் கைப்பற்றியது.

சட்டம் தன் வேலையைச் செய்தது. ஆனால் கைப்பற்றிய கிளியை என்ன செய்வது? சிறகு கத்தரிக்கப்பட்டு, நெல்மணிக்காகச் சீட்டு எடுக்க மட்டும் பழகிய கிளியை மரத்தில் விட்டால் மாலைக்குள் பருந்துக்கோ பூனைக்கோ இரையாகும். சிங்கப்பூரில் விட்டாலோ, ஏற்கெனவே கூண்டுகளிலிருந்து தப்பிப் பெருகிய அயல் கிளிக்கூட்டங்களோடு இன்னொன்று சேரும். எனவே இருக்கும் கிளிகளுக்குப் பறக்க இடமுள்ள பெரிய அடைப்பும் இன்னொரு கிளியின் துணையும் சாகும்வரை பராமரிப்பும் வேண்டும். புதிய குஞ்சு ஒன்றும் கூண்டுக்குள் வரக்கூடாது. அந்தத் தொழிலில் முதுமையை அடைந்த ஜோசியரின் வாழ்க்கைக்கும் வழி செய்ய வேண்டும். அவர் கிளியை நேசிக்காதவர் அல்லர். கிளி உண்ட பிறகே உண்பவர்களும் உண்டு. நேசத்தோடும் கூண்டு போட முடியும் என்பதுதான் இதிலுள்ள சங்கடம்.

ஆமைக்கும் இதையே கேட்கிறேன். செங்காது ஆமையின் இறக்குமதியும் விற்பனையும் இந்த ஊரில் நிற்க வேண்டும். அதுவரை விற்கும் கடைக்காரர், வளர்க்க இயலாது என்று யார் கொண்டுவந்தாலும் கேள்வி கேட்காமல் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உரிமத்தில் எழுத வேண்டும். அதன் பராமரிப்புச் செலவை விற்பனை விலையிலேயே சேர்க்க வேண்டும். இறக்குமதி செய்யப்படும் மேலங்கியில் எந்த விலங்கின் மயிர் என்று தெளிவாக அச்சிட வேண்டும். விசாகத்துக்கு ஒதுக்கும் பணத்தைப் பக்தர்கள் காயம்பட்ட விலங்குகளைக் காக்கும் நிலையங்களுக்கோ, உபின் காட்டுக்கோ கொடுக்கலாம். ஏற்கெனவே சில பௌத்த ஆலயங்கள் இப்படி வழிகாட்டுவதாக நண்பர்கள் சொன்னார்கள், மகிழ்ச்சி.

நம் கோயில்களும் பள்ளிகளின் தமிழ் வகுப்பறைகளும் இதில் என்ன செய்யலாம் என்று கேள்வி நேரத்தில் உங்களோடு பேச விரும்புகிறேன்.